முப்பது உயிர் சித்தப்பா

எல்லாக் குடும்பத்திலும் ஒரு சித்தப்பா இருப்பார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும், ஐம்பதைத் தொட்டிருக்காது. முன்மண்டையில் முடி விடைபெற்றுக்கொண்டிருக்கும். மளிகைச் சீட்டோடு பிரஷர் மாத்திரைச் சீட்டும் சேர்ந்திருக்கும். பத்துப் பேரை மேய்க்கிற உத்தியோகம், பாதி அடைந்த வீட்டுக்கடன். பேச்சு எந்த ஊரில் கிளம்பினாலும் அவர் கொண்டுபோய் நிறுத்துகிற ஊர் ஒன்றுதான்: "இதெல்லாம் ஒரு கேமாடா? நாங்கெல்லாம் கான்ட்ரா ஆடி வளந்தவங்க."

இவர்தான் முப்பது உயிர் சித்தப்பா.

இவருடைய வீர வரலாறு தொண்ணூறுகளின் மே மாத விடுமுறைகளில் நடந்தது. நிண்டெண்டோவின் அசல் பெட்டியை அன்று நம் ஊர்க் கடைகளில் பார்ப்பது அபூர்வம். பெரும்பாலும் வந்தவை அதன் உரிமம் இல்லாத நகல்கள். சென்னைக்காரர்களுக்கு பர்மா பஜார், மற்ற ஊர்க்காரர்களுக்கு பர்மா பஜாருக்குப் போய்வந்த மாமா. பெட்டியோடு ஒரு கேசட் வரும். அதன் மேல் 'ஒன்றில் 9999' என்று அச்சடித்திருக்கும். பட்டியலை இறக்கிக்கொண்டே போனால், இருபது முப்பது ஆட்டங்களே வேறு வேறு பெயரில் மறுபடி மறுபடி வரும். அந்தக் கும்பலில் ராஜா கான்ட்ரா. கொனாமி நிறுவனம் 1987இல் காசு போட்டு ஆடும் இயந்திரமாக விட்டு, 1988இல் வீட்டுப் பெட்டிக்குக் கொண்டுவந்த ஆட்டம். சட்டையில்லாத இரண்டு சிப்பாய்கள் ஒரு காட்டுக்குள் குதிப்பார்கள். எதிரில் வருகிற எல்லாவற்றையும் சுட வேண்டும். எதிரில் வருகிற எதுவும் மேலே படக் கூடாது. பட்டால் ஒரு உயிர் போச்சு. மொத்தம் மூன்று உயிர்.

"எட்டு ஸ்டேஜையும் கண்ணை மூடிக்கிட்டு முடிப்பேன்" என்பது சித்தப்பாவின் நெடுநாள் வாக்குமூலம். சாட்சி கேட்டால் இரண்டு பேர் பெயரைச் சொல்வார். ஒருவர் துபாயில், ஒருவர் நியூ ஜெர்சியில். அவர்களும் அவரவர் ஊரில் இதே வாக்குமூலத்தைக் கொடுத்து, இவரைச் சாட்சியாகக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இப்படி எவர் வம்புக்கும் போகாமல் இருந்த வீரத்துக்கு 2019இல் சோதனை வந்தது. கொனாமி தன் பழைய கான்ட்ரா ஆட்டங்களை ஒரே தொகுப்பாக்கி, இன்றைய பெட்டிகளுக்கு மறுபடி வெளியிட்டது. ஆளை அடையாளம் காண்பதற்கு இந்தக் கட்டம்தான் தோது. தள்ளுபடி வரும்வரை காத்திருந்து சித்தப்பா அதை வாங்குவார். சித்தியிடம், "பசங்களுக்குத்தான். அறிவு வளரும்" என்பார். சட்டையில்லாதவன் காட்டில் சுடுகிற ஆட்டத்தில் எந்த அறிவு வளரும் என்று சித்தி கேட்க மாட்டார். அவரவருக்கு ஆயிரம் வேலை.

ஞாயிறு மதியம், பிரியாணிக்குப் பிறகு அரங்கேற்றம். வீட்டில் இருக்கிற வாண்டுகளை எல்லாம் கூப்பிட்டுத் தரையில் உட்கார வைப்பார். அவரும் தரையில்தான் உட்காருவார், அந்தக் காலத்தில் அப்படித்தான் உட்கார்ந்தாராம். பழைய பெட்டியின் வயர் குட்டை என்பதால் அப்படி உட்கார்ந்தார்கள். இன்றைய ஜாய்ஸ்டிக்கில் வயரே கிடையாது. ஆனாலும் ஐம்பத்தைந்து அங்குல டிவிக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பார்.

பச்சைக் காடு வரும். பாட்டு வரும். சித்தப்பாவுக்குக் கண் கலங்கும். சிப்பாய் குதிப்பான், நான்கு எட்டு வைப்பான், செத்துப்போவான்.

"இப்பத்தான் ஸ்டார்ட் பண்றேன்" என்பார்.

இரண்டாவது உயிர். சிப்பாயை வலதுபக்கம் ஓடச் சொல்கிறார். அவன் தொப்பென்று குப்புறப் படுத்துக்கொள்கிறான். சுற்றிலும் குண்டு பறக்கிறது, இவன் மதியத் தூக்கம் போடுகிறான். எழுந்திரு என்று அழுத்தினால் வானத்தைச் சுடுகிறான். இதில் சிப்பாயின் குற்றம் எதுவும் இல்லை. பழைய ஜாய்ஸ்டிக்கில் கூட்டல் குறி போல ஒரு திசைப் பொத்தான் இருக்கும். அதில் வலது என்றால் வலது, கீழே என்றால் கீழே. நிண்டெண்டோவில் குன்பெய் யோகோய் வடிவமைத்து 1982இல் டாங்கி காங் கையடக்க ஆட்டத்தில் வந்த பொத்தான் அது. இன்றைய ஜாய்ஸ்டிக்கில் கட்டைவிரல் தானாகப் போய் உட்காருவது உருண்டைக் குமிழின் மேல். வலதுபக்கம் தள்ளும்போது விரல் ஒரு நூல் கீழே சரிந்தால் போதும், படு என்று உத்தரவு போய்விடும். அதே ஜாய்ஸ்டிக்கில் திசைப் பொத்தானும் இருக்கிறது. அண்ணன் மகன் அதைக் காட்டுகிறான்.

"சித்தப்பா, அதை விட்டுட்டு இதைப் பிடிங்க."

"எனக்குத் தெரியும்டா. செக் பண்ணிட்டிருந்தேன்."

மூன்றாவது உயிரும் போய்விட்டது. இனிமேல்தான் சித்தப்பாவின் உண்மையான திறமை வெளிப்படும். காரணம் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முதல் காரணம் ஜாய்ஸ்டிக். இரண்டாவது சோபா, அதில் அவர் உட்காரவேயில்லை என்றாலும். மூன்றாவது, சமையலறையில் ஓடும் மிக்ஸி. நான்காவது டிவி: "நான் அமுக்குறது ஒரு நேரம், அவன் குதிக்கிறது ஒரு நேரம்."

வாண்டுகள் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால் அந்த நான்காவது காரணம் நிஜம். பழைய குண்டு டிவி வந்த படத்தை வந்தபடி காட்டிவிடும். இன்றைய தட்டை டிவி படத்தை வாங்கி, பளபளப்பாக்கி, மெருகேற்றிப் பிறகுதான் காட்டும். அந்த அலங்காரத்துக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு வரைகூடப் போய்விடும். சீரியல் பார்க்கிறவருக்கு அதனால் நஷ்டம் இல்லை, மாமியார் திரும்பிப் பார்க்கவே அங்கே அரை நிமிடம் ஆகிறது. கான்ட்ராவில் ஒரு உயிருக்கு அந்த நேரம் தாராளம். டிவி அமைப்புகளில் 'கேம் மோட்' என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் தாமதம் வெகுவாகக் குறையும். இதைச் சித்தப்பா கண்டுபிடிக்கும் நாளில் வீட்டில் ஒரு வெற்றி விழாவே நடக்கும். பிறகு உட்கார்ந்து ஆடுவார். அப்போதும் சாவார். ஆனால் சரியான நேரத்துக்குச் சாவார்.

இன்னொரு இடத்திலும் அவர் சொல்வது நியாயம். "அப்பல்லாம் இந்தக் காட்டுல இலை ஆடும்டா. இதுல ஆடவே மாட்டேங்குது" என்பார். வயசாகிவிட்டது, ஞாபகம் குழம்புகிறது என்று எல்லோரும் பார்வையைப் பரிமாறிக்கொள்வார்கள். ஆனால் ஜப்பானில் வந்த கான்ட்ராவில் இலை ஆடும், பனிக்களத்தில் பனி பெய்யும். அந்த கேசட்டில் கொனாமி தன் சொந்த சிப் ஒன்றை வைத்திருந்தது. அமெரிக்காவுக்குப் போன கேசட்டில் அந்த சிப் இல்லை, ஆகவே இலையும் ஆடவில்லை; சித்தப்பா இப்போது ஆடுவது அந்தப் பதிப்பைத்தான். நம் பக்கம் சுற்றிய நகல் கேசட்டுகளில் ஜப்பான் பதிப்பும் உண்டு. முப்பது வருடத்துக்கு முன்னால் ஆடிய இலை ஞாபகம் இருக்கிறது, எந்தப் பொத்தான் குதிக்க, எந்தப் பொத்தான் சுட என்பது மட்டும் மறந்துபோய்விட்டது.

கடைசியாக அவர் பிரம்மாஸ்திரத்தை எடுப்பார். வாண்டுகளை அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடி உச்சரிப்பார்: "மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ." மூன்று உயிர் முப்பது உயிராகும் மந்திரம். சொந்தக் கல்யாண நாளை மறந்தவருக்கு இது மறக்கவில்லை. ஒரே சிக்கல், கையில் இருக்கிற பிளேஸ்டேஷன் ஜாய்ஸ்டிக்கில் 'பி' கிடையாது, 'ஏ'வும் கிடையாது. வட்டம், சதுரம், முக்கோணம், பெருக்கல் குறிதான் உண்டு. மச்சான் வீட்டு எக்ஸ்பாக்ஸில் அந்த எழுத்துகள் இருக்கின்றன, ஆனால் நிண்டெண்டோவில் 'ஏ' இருக்கும் வலதுபக்கத்தில் இங்கே 'பி' உட்கார்ந்திருக்கிறது. பத்து எழுத்து மந்திரத்தில் எட்டைச் சரியாகச் சொல்லிவிட்டு, கடைசி இரண்டில் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்த பையன் மாதிரி முழிப்பார்.

ஒருவழியாகப் பொத்தானைக் கண்டுபிடித்து முப்பது உயிர் வாங்கியதும்தான் உண்மை வெளியே வரும்.

"சித்தப்பா, அப்ப நீங்க முப்பது உயிர் வச்சுத்தான் முடிச்சீங்களா?"

"எல்லாரும் அப்படித்தான்டா முடிச்சாங்க."

"டர்போ பட்டனும் இருந்துச்சாம். அப்பா சொன்னாரு."

அண்ணன் என்றைக்குமே இப்படித்தான், கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுப்பதில் கெட்டிக்காரர். நகல் பெட்டிகளின் ஜாய்ஸ்டிக்கில் இரண்டு பொத்தான் அதிகமாக இருக்கும், அழுத்திப் பிடித்தால் தானாகச் சுட்டுத் தள்ளும். சில கேசட்டுகளில் இன்னும் சௌகரியம், மந்திரம்கூட வேண்டாம், முப்பது உயிரோடேயே பட்டியலில் ஒரு கான்ட்ரா தயாராக இருக்கும். சித்தப்பாவின் தங்கப்பதக்கத்தில் கொஞ்சம் செம்பு கலந்திருக்கிறது.

அதற்காக அவரை எள்ளி நகையாட எனக்கு மனசு வரவில்லை. இந்த மந்திரத்தை முதலில் செய்தவர் கொனாமியில் வேலை பார்த்த கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986இல் கிராடியஸ் என்ற ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்க்க ஆடியாக வேண்டும், ஆடினால் ஜெயிக்க முடியவில்லை. தனக்காக ஒரு குறுக்கு வழி போட்டுக்கொண்டார். ஆட்டம் விற்பனைக்குப் போனபோது அதுவும் கூடவே போய்விட்டது. அதன் பிறகுதான் கான்ட்ராவுக்கு அது முப்பது உயிராக வந்தது. சமைத்தவரே தொட்டுக்கொள்ளத் தயிர் கேட்ட காரம் இது.

அந்தக் காரத்துக்கும் கணக்கு உண்டு. காசு போட்டு ஆடும் இயந்திரத்தில் ஒருவன் சீக்கிரம் செத்தால்தான் கடைக்காரருக்கு அடுத்த காசு விழும். அந்தக் குணம் வீட்டுப் பெட்டிக்கும் தொடர்ந்தது. அமெரிக்க கான்ட்ரா கேசட்டின் கொள்ளளவு 128 கிலோபைட். காலையில் குடும்பக் குழுவில் பெரியப்பா அனுப்புகிற ரோஜாப்பூ வணக்கமே அதைவிடப் பெரிதாக இருக்கும். கை தேர்ந்தவர் ஆடினால் அரை மணி நேரத்துக்குள் எட்டு ஸ்டேஜும் முடிந்துவிடும். காசு கொடுத்து வாங்கியவன் அரை மணியில் எழுந்து போகாமல் இருக்க ஒரே வழி, அவனைக் கொன்றுகொண்டே இருப்பது.

இன்றைய ஆட்டங்களில் ரத்தக்கோடு உண்டு, முதலுதவிப் பெட்டி உண்டு. "ஒரே குண்டுல போயிடுவானா? ரத்தம் குறையாதா?" என்று அண்ணன் மகன் நிஜமான அதிர்ச்சியோடு கேட்பான். அவனிடம் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். முதல் அரை மணி சித்தப்பாவை விடக் கேவலமாகச் சாவான். அடுத்த அரை மணியில் எந்தப் புதரிலிருந்து எவன் வருவான் என்று மனப்பாடம் ஆகிவிடும். சாயங்காலக் காபிக்குள் இரண்டாவது ஸ்டேஜில் இருப்பான். சித்தப்பா அன்று செய்ததும் இதைத்தான். அவருக்கு அன்று இருந்ததும் வீரம் இல்லை, முழு மே மாதம். நாற்பத்தைந்து வயதில் ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கிடைக்கும், அதிலும் நடுவில் தண்ணீர் கேன் வரும்.

ஆட்டத்தின் நடுவே அவர் முகத்தில் விதவிதமான பாவங்கள் ஓடும். ஐந்து திசையில் விசிறியடிக்கிற 'எஸ்' துப்பாக்கி கிடைத்தால் சம்பள உயர்வு வந்த முகம். அதை வைத்துக்கொண்டு ஆசைப்பட்டுக் குதித்து, தவறிப்போய் 'எல்' லேசரை எடுத்துவிட்டால் இழவு வீட்டு முகம். லேசரில் பழைய பழக்கத்துக்குப் படபடவென்று அழுத்தினால், முன்னே போன கதிர் பாதியில் மறைந்து புதிது புறப்படும். அதாவது அவசரப்படுகிறவனின் குண்டு போய்ச் சேராது. அவசரம் இல்லாத சித்தப்பா உலகத்தில் எங்கே இருக்கிறார்?

புதிய தொகுப்பில் பாதியில் சேவ் செய்துவிட்டு, செத்தால் அங்கிருந்தே தொடரலாம். கொள்கை அளவில் சித்தப்பா அதற்குக் கடும் எதிரி. "அதெல்லாம் ஏமாத்து" என்பார். முப்பது உயிர் ஏமாற்று ஆகாதாம், அது பாரம்பரியமாம். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, பத்தடிக்கு ஒரு சேவ் போட்டு ஆடுவார். காலையில் "எட்டாவது ஸ்டேஜ் முடிச்சாச்சு" என்று இட்லிக்கு நடுவில் அறிக்கை வரும். சித்தி மட்டும் சிரிக்காமல் சட்னி ஊற்றுவார். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர் அவர் ஒருவர்தான்.

என் தீர்ப்பு இதுதான்: சித்தப்பா பொய்யர் இல்லை, இலை ஆடியது என்று சொன்ன சாட்சி அவர். கை தளர்ந்தது பாதி, டிவி மெதுவானது கால், மீதிக் கால் அந்த ஆட்டமே என்றைக்கும் அநியாயமானது. சித்தப்பாக்களுக்குச் சொல்வது: குமிழை விடுங்கள், திசைப் பொத்தானைப் பிடியுங்கள், 'கேம் மோட்' போடுங்கள், பட்டப்பகலிலேயே சேவ் செய்யுங்கள். அண்ணன் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். மூன்றாவது ஸ்டேஜில் அருவி வரும். அதில் மேலே மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும். இருவர் ஆடும்போது ஒருவர் வேகமாக ஏறினால் திரையும் அவரோடு ஏறிவிடும், கீழே தங்கியவர் திரைக்கு வெளியே போய்ச் சாவார். ஆகவே சித்தப்பாவோடு ஆடுகிறவர்கள் அங்கே மட்டும் கொஞ்சம் மெதுவாக ஏறுங்கள்.