ஐரோப்பா கிளம்பும் ரிடையர்டு சார்

பேங்க், மின்வாரியம், எல்.ஐ.சி., அரசுக் கல்லூரி என்று முப்பது சொச்சம் வருடம் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற ஆண்களில் ஒரு பிரிவினர், மே கடைசியிலோ ஜூனிலோ மனைவியோடு ஐரோப்பாவுக்குக் குரூப் டூர் போகிறார்கள். பணம் பெரும்பாலும் மகனோ மகளோ கட்டியது. இந்தப் பிரிவைச் சேர்ந்தவரை ஏப்ரலிலேயே அடையாளம் கண்டுவிடலாம். அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்கு முன் தி. நகரில் ஸ்வெட்டர் விலை விசாரிக்கிற ஆள் வேறு யாராகவும் இருக்க முடியாது.

ஐரோப்பியத் தட்பவெப்பம் பற்றிய அவருடைய ஞானத்துக்கு மூலம் இரண்டு. முதலாவது சினிமா. ஸ்ரீதரின் ‘சிவந்த மண்’ 1969-ல் அந்தப் பக்கம் போய்வந்ததிலிருந்து எத்தனையோ டூயட்டுகள் அங்கே எடுக்கப்பட்டுவிட்டன. பனிமலைப் பாட்டு என்றால் நாயகனுக்குக் கழுத்துவரை கம்பளி, நாயகிக்கு ஷிஃபான். குளிர் ஆண்களை மட்டும்தான் தாக்கும் என்பது இதிலிருந்து தெரியவருகிறது. இரண்டாவது மூலம், ஏற்கெனவே போய்வந்தவர்கள். இவர்களில் ஒருவர்கூட ‘இதமாக இருந்தது’ என்று சொன்னதில்லை. லட்சக்கணக்கில் செலவு செய்தாயிற்று, குளிராவது எலும்பைத் துளைத்திருக்க வேண்டாமா? ஜனவரியில் போனவரும் ஜூலையில் போனவரும் ஒரே குளிரைத்தான் வர்ணிப்பார்கள்.

நிஜ நிலவரம் வேறு. ஜூலையில் ரோம் நகரம் பகலில் 30 டிகிரியைத் தாண்டுவது சர்வ சாதாரணம். 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி பதிவாயிற்று. வேலூர்க்காரர்களும் எழுந்து நின்று மரியாதை செய்யவேண்டிய எண் அது. வேலூரிலாவது தலைக்குமேல் ஃபேன் சுற்றும். அங்கே பல ஓட்டல் அறைகளின் கூரையில் விளக்கைத் தவிர எதுவும் கிடையாது. இதையெல்லாம் மகள் போனில் சொல்லிப் பார்ப்பாள். “நீ சும்மா இரும்மா, யூரோப்புன்னா குளிர்தான்” என்பதோடு விவாதம் முடியும்.

குளிர் என்று முடிவானபின் கோட்டு வருகிறது. ஒவ்வொரு சொந்தக்கார வட்டத்திலும் ஒரு கோட்டு உண்டு. தொண்ணூறுகளில் நியூஜெர்சி போன மச்சினர் யாரோ வாங்கியது. அது தனி ஒருவருக்குச் சொந்தமில்லை, அடுத்து விமானம் ஏறுகிறவருக்குச் சொந்தம். உள்பையைத் துழாவினால் முந்தைய பயணியின் பாரிஸ் மெட்ரோ டிக்கெட்டும் உறை பிரிக்காத ஒரு ஹாஜ்மோலாவும் கிடைக்கும். தோள் அளவு மச்சினருடையது என்பதால் சாரின் கைகளில் விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரியும். எடை எப்படியும் மூன்று கிலோ. பெரும்பாலான விமானங்களில் சாதாரண வகுப்புப் பெட்டிக்கு அனுமதி 23 கிலோ. அதில் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு, தட்டை வகையறா ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும். கோட்டுக்காக வெளியேற்றப்படுவது எப்போதும் உள்ளாடைகள்தான்.

உண்மையில் குளிருக்கு இந்தக் கோட்டு தேவையில்லை. மெல்லிய தெர்மல் ஒன்று, அதன்மேல் கம்பளியோ ஃப்ளீஸோ ஒன்று, அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் ஒன்று என்று அடுக்கிக்கொண்டால் போதும். அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடலாம். இது சாருக்குத் தெரியாத விஷயமல்ல, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் மூன்று உடுப்பை அடுக்கினாலும் போட்டோவில் ஒன்றுதான் தெரியும். கோட்டோ கோட்டாகவே தெரியும். தலைக்கு மட்டும் அவர் எதுவும் வாங்குவதில்லை. மார்கழி வாக்கிங்கில் பல வருடம் உழைத்த பழுப்பு நிற மங்கி கேப் கைவசம் இருக்கிறது. மொத்தப் பெட்டியிலும் முறையாகப் பரிசோதிக்கப்பட்ட உடுப்பு அது ஒன்றுதான்.

ஷூ கடைசியில் வருகிறது. விசா, இன்ஷூரன்ஸ், யூரோ மாற்றுவது எல்லாம் முடிந்து கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, கூட்டம் இருக்காது என்று காலை பதினொரு மணிக்குக் கடைக்குப் போவார். பாதம் நாள் முழுக்க நடந்து, நின்று, மாலைக்குள் சற்று வீங்கும். எனவே காலையில் கச்சிதமாக இருக்கிற ஷூ சாயங்காலம் கடிக்கும். அதிலும் சாரின் கால் பல வருடம் செருப்பிலேயே உலவிய கால், விரல்கள் விசிறியாக விரிந்திருக்கும். முனை ஒடுங்கிய கறுப்பு லெதர் ஷூவில் அந்த விசிறியை மடக்கி நுழைத்து, எழுந்து, கம்பளத்தின்மேல் நான்கடி நடந்து, கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொள்வார். பெட்டியில் 42 என்று போட்டிருக்கும். தன் சட்டை அளவு கடைக்காரருக்கு எப்படித் தெரிந்தது என்று வியப்பார். பிரிட்டிஷ் கணக்கில் ஒவ்வொரு அளவுக்கும் இடைவெளி மூன்றில் ஒரு அங்குலம். ஐரோப்பியக் கணக்கில் மூன்றில் இரண்டு சென்டிமீட்டர். நம் எட்டாம் நம்பர் அங்கே ஏறக்குறைய 42 ஆவது இதனால்தான். “கொஞ்சம் பிடிக்குதேப்பா” என்று இழுப்பார். கடைப் பையன் கைவசம் பதில் தயார்: “போடப் போடச் சரியாயிடும் சார்.”

லெதரைப் பொறுத்தவரை இது பொய்யல்ல. பிரச்சினை, அந்தப் போடப் போட எங்கே நடக்கும் என்பதில் இருக்கிறது. புதுசு அழுக்காகிவிடும் என்பதால் சார் வீட்டில் அதைப் போட்டுப் பழகமாட்டார். முதன்முதலில் போடுவது மீனம்பாக்கத்தில். செக்யூரிட்டியில் அதையும் கழற்றச் சொல்வார்கள். வாங்கியது பாட்டாவாக இருந்தால் சுதேசிப் பெருமையும் கூடச் சேரும். பாட்டா 1894-ல் ஸ்லின் என்ற ஊரில் தொடங்கிய கம்பெனி, அந்த ஊர் இன்றைய செக் நாட்டில் இருக்கிறது. டூரில் பிராக் நகரமும் உண்டென்றால் ஷூ பிறந்த வீட்டுக்குப் போகிறது என்று கொள்ளலாம்.

தரை அவருக்குச் சாதகமாக இல்லை. ரோமின் பழைய தெருக்களில் கையகல எரிமலைக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். இரண்டு கல் ஒரே மட்டத்தில் இருக்காது. இத்தாலிய நகரங்கள் பலவற்றில் நடு ஊருக்குள் டூர் பஸ்ஸை இஷ்டத்துக்கு விடமாட்டார்கள். வெனிஸ் தீவுக்குள் ஆட்டோ, கார் என்ற பேச்சே இல்லை, 400-க்கு மேற்பட்ட பாலங்களில் பெரும்பாலானவை படிக்கட்டு வைத்தவை. ‘பனோரமிக் டூர்’ என்று அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் நடை என்ற சொல்லைச் சாமர்த்தியமாகத் தவிர்த்திருப்பார்கள். வியர்வையில் நனைந்த காட்டன் சாக்ஸும் புது லெதரும் உரசி, இரண்டாம் நாள் குதிகாலில் கொப்புளம். மூன்றாம் நாள் ஹவாய் செருப்பு வெளியே வரும். குளிருக்குச் சாக்ஸ் வேண்டும், செருப்புக்கோ வார் நுழைய இடம் வேண்டும். சாக்ஸின் முனையைக் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே திணித்து, அதன்மேல் வாரை மாட்டிக்கொண்டு, மேலே நியூஜெர்சிக் கோட்டோடு கொலோசியத்தைச் சுற்றிவருவார். கூட வந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே போட்டோ எடுப்பார்கள்.

அவருடைய மனைவி விஷயம் வேறு. மகள் சொன்ன கேன்வாஸ் ஷூவை ஒரு மாதம் முன்னமே, சாயங்காலமாகப் போய், அரை அளவு பெரிதாக வாங்கி, மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் போட்டுப் பழகியிருப்பார். அவருக்கு இருந்த ஒரே தொல்லை மெட்டி. செருப்பில் சாதுவாக இருந்த மெட்டி ஷூவுக்குள் போனதும் பக்கத்து விரலைக் குத்தத் தொடங்கும். கழற்றுவதா? அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நூலைச் சுற்றி, மேலே பேண்ட்-எய்ட் ஒட்டிச் சமாளிப்பார். இத்தனை வருடம் வேண்டாமென்ற சுடிதார் இந்தப் பயணத்துக்கு மட்டும் அனுமதிக்கப்படும். ஆனால் டிட்லிஸ் மலையில் ஷாருக் கான், கஜோல் கட் அவுட் பக்கத்தில் நிற்க மட்டும் தெர்மலுக்குமேல் காஞ்சிப் பட்டு. பார்க்கச் சிரிப்பாக இருக்கலாம். பட்டு வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் அந்தக் குழுவில் விஞ்ஞானப்படி உடுத்தியவர் அவர்தான்.

வாடிகனில் சாருக்கு இன்னொரு சோதனை. புனித பேதுரு பேராலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். மகன் வாங்கிக் கொடுத்த பெர்முடாஸை அவர் முதன்முதலாகத் துணிந்து போடுகிற நாள் அதுவாகத்தான் இருக்கும். வாசலில் நிறுத்தியதும் மனைவியின் சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு உள்ளே போவார். ஓட்டல் அறையில் அவர் மடித்து வைத்துவிட்டு வந்த வேட்டி வாடிகன் விதிக்கு முழுக்கப் பொருந்தும், மடித்துக் கட்டாத வரை.

கோட்டுக்கு உண்மையான வேலை யுங்ஃப்ராவ்யோக்கில் வருகிறது. 3,454 மீட்டர் உயரத்தில், 1912 முதல் ரயில் போகிற இடம். அங்கே ஜூனிலும் பனிதான். இரண்டு மணி நேரம் கோட்டும் மங்கி கேப்பும் ஜெயிக்கும். பிறகு பனி அரண்மனை. அதன் தரையும் பனிக்கட்டி, சார் அன்றைக்கு மறுபடி மாட்டிக்கொண்ட லெதர் ஷூவின் அடிப்பாகமும் வழவழப்பு. ஒரு கையால் கம்பியையும் மறுகையால் கேன்வாஸ் ஷூ அணிந்த மனைவியையும் பிடித்தபடி வெளியே வருவார்.

கோட்டு இல்லாவிட்டால் அங்கே ஒன்றை வாங்கிவிடலாம், இரவல் கேட்கலாம், பஸ்ஸைவிட்டு இறங்காமலும் இருக்கலாம். கடிக்கிற ஷூவுக்கு இப்படி மாற்று வழி எதுவும் கிடையாது. வரும் மே மாதம் கிளம்புகிறவர்கள் ஷூவை மார்ச்சிலேயே, பொழுது சாய்ந்தபின், அங்கே போடப்போகிற சாக்ஸையும் கையோடு எடுத்துப்போய் வாங்கவும். கடைப் பையன் “போடப் போடச் சரியாயிடும்” என்றால் அடுத்த கடைக்குப் போகவும்.