நாலுக்கு ஆறு

ஸ்டுடியோக்காரரிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நாலுக்கு ஆறு, வெள்ளை பேக்ரவுண்டு, ஆளுக்கு நாலு காப்பி." மறுநாள் கைக்கு வந்த கவர் கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. நல்ல பேப்பர் போலிருக்கிறது என்று நினைத்து, பிரித்துக்கூடப் பார்க்காமல் ஃபைலில் செருகிவிட்டார் இந்தக் கட்டுரையை எழுதுகிறவர்.

2018 கோடையில் அவரும் அவர் மனைவியும் பாங்காக் போனபோது நடந்தது இது. 'ஆன் அரைவல் விசா' என்ற பேரிலேயே அவருக்கு ஒரு மயக்கம். சென்னையில் யார் வாசலிலும் காத்துக் கிடக்க வேண்டாம். போய் இறங்கினால் கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்கிற மாதிரி பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை போட்டு உள்ளே அனுப்பிவிடுவார்கள் என்று நம்பினார். வாசலில் நிற்கத்தான் வேண்டும், அந்த வாசல் மூன்றரை மணி நேரம் விமானத்தில் பறந்த பிறகு வரும் என்பது அவருக்கு உறைக்கவில்லை. ஊரில் விசா இல்லை என்றால் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். அங்கே இல்லை என்றால்?

அப்போது தாய்லாந்து இந்தியர்களுக்கு 15 நாள் தங்க இந்த விசாவைக் கொடுத்துவந்தது. அந்த 15 நாளுக்குள் திரும்புவதற்கான டிக்கெட் வேண்டும். தங்கும் இடத்தின் முகவரி வேண்டும். செலவுக்கு ஆளுக்கு 10,000 பாட் கணக்கில் கையில் பணம் இருக்கிறது என்று கேட்டால் காட்ட வேண்டும். கட்டணத்தைத் தாய் பாட்டில், ரொக்கமாகக் கட்ட வேண்டும். இதையெல்லாம் அவருக்குப் பாடம் எடுத்தவர் அலுவலக நண்பர் ஒருவர். "ஆளுக்கு ஆயிரம் பாட்டுப்பா. கரெக்டா எண்ணி எடுத்துட்டுப் போயிடு, வேலை சுலபமா முடியும்" என்றார். அவரும் சென்னையிலேயே 2,000 பாட் மாற்றிக்கொண்டு மீதியை டாலராக வைத்துக்கொண்டார். நண்பர் சொன்னது பொய்யில்லை. அவர் போய்வந்தது 2016 தொடக்கத்தில். அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் கட்டணம் 2,000 ஆகிவிட்டது.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியபோது உள்ளூரில் விடிந்துவிட்டிருந்தது. நம் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் போகிற ஊர். விசா வரிசையில் பாதி நம்மவர்கள், பாதி சீனர்கள். வைகுண்ட ஏகாதசிக்குப் பெருமாள் கோயிலில் நிற்பது போன்ற நெருக்கம், கோவிந்தா சத்தம் மட்டும் இல்லை. மனைவி விண்ணப்பத்தை நிரப்ப, அவர் போட்டோ கவரைப் பிரித்தார்.

ஆளுக்கு நாலு போஸ்ட்கார்டு.

விதி கேட்டது நாலுக்கு ஆறு சென்டிமீட்டர். எந்த ஸ்டுடியோவிலும் நாலுக்கு ஆறு என்றால் அங்குலம்தான். கல்யாண ஆல்பத்துக்கும் காதுகுத்துக்கும் அந்த அளவில்தான் போட்டுத் தருவார்கள். அந்த மனிதர் மேல் தப்பே இல்லை. விண்ணப்பத்தில் படம் ஒட்ட விட்டிருந்த கட்டத்துக்குள் அவருடைய மூக்கும் ஒரு கண்ணும் தாராளமாக அடங்கின.

"என்னங்க, இதைத் துணி போட்டு மூடித் திறந்து வைக்கணும் போல இருக்கு" என்றார் மனைவி.

பக்கத்திலேயே படம் எடுக்கிற இடம் இருந்தது. நம்மைப் போன்றவர்களை நம்பித்தான் அதை வைத்திருக்க வேண்டும். அங்கே போனபோதுதான் கட்டணப் பலகை கண்ணில் பட்டது. இரண்டு பேருக்கு 4,000. கையில் 2,000. படம் எடுக்க இருவரும் மாறி மாறி ஓடி, பிறகு டாலர் மாற்ற ஓடி, வியர்க்க விறுவிறுக்க அவர் திரும்புவதற்குள் மனைவியின் முறை வந்துவிட்டது. ரேஷன் கடையில் பை வைத்து இடம் பிடித்துப் பழகிய கை அது. அவ்வளவு சுலபத்தில் இடத்தை விடுமா? "அவங்க வந்துடுவாங்க, நீங்க போங்க" என்று பின்னால் நின்ற சீனக் குடும்பத்திடம் சுத்தத் தமிழில் சொல்லி வழிவிட்டார். அவர்களுக்கும் நன்றாகவே புரிந்தது. அவர்கள் போனார்கள், அடுத்தவர்கள் போனார்கள், அதற்கடுத்தவர்களும் போனார்கள். அந்த விமானத்தில் வந்தவர்களில் கடைசியாக முத்திரை வாங்கியது இவர்கள்தான்.

பேரைக் கேட்டு ஏமாறுவது நமக்கு மட்டும் நேர்வதில்லை. இந்தியாவே 2010இல் பின்லாந்து, ஜப்பான், லக்ஸம்பர்க், நியூசிலாந்து, சிங்கப்பூர் ஆகிய ஐந்து நாட்டவருக்கு வந்திறங்கியதும் விசா கொடுக்கத் தொடங்கியது. சென்னை விமான நிலையத்திலும் கொடுத்தார்கள். 2014 நவம்பரில் திட்டம் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விரிந்தது, பெரும்பாலும் அதே பேரில். ஆனால் இந்தத் தடவை ஊரிலிருந்தே இணையத்தில் விண்ணப்பித்து, அனுமதி வாங்கிக்கொண்டுதான் ஏற முடியும். கிளம்பும் முன்பே வாங்க வேண்டிய வந்திறங்கியதும் விசா! குழப்பம் தாங்காமல் 2015 ஏப்ரலில் அதற்கு 'இ-டூரிஸ்ட் விசா' என்று பேர் மாற்றினார்கள்.

பாங்காக்கில் முதல் வேலையாக சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. தாய்லாந்துக்காரர்களும் பூத்தட்டோடு வந்து கும்பிடுகிறார்கள். மனைவி கண்ணை மூடி வெகுநேரம் நின்றார். என்ன வேண்டுதல் என்று கேட்டதற்கு, "அடுத்த தடவை விசாவே இல்லாம உள்ள விடச் சொன்னேன்" என்றார்.

திரும்பும்போது, குடியேற்றச் சோதனையைத் தாண்டியதும் ஒரு பெரிய சிற்பத் தொகுதி. வாசுகியைக் கயிறாக்கி ஒரு பக்கம் தேவர்களும் மறுபக்கம் அசுரர்களும் பாற்கடலைக் கடைகிறார்கள். வந்த அன்றைக்கு அதைப் பார்த்திருந்தால், நம்மைப் பற்றித்தான் செய்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்திருப்பார்.

மாரியம்மன் அவசரப்படவில்லை. 2018 நவம்பரில் தாய்லாந்து சில மாதங்களுக்கு இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. இந்தியாவும் பட்டியலில் இருந்தது. செய்தி படித்த அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 2023 நவம்பர் 10 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசாவே வேண்டாம் என்றார்கள். 2024 ஜூலையில் அது 60 நாளானது. சுற்றுலா வருமானத்துக்காக அந்த அரசு எடுத்த முடிவு என்பது அவர் கட்சி. மனைவி வாதாடவில்லை, டிக்கெட் போடச் சொன்னார்.

அந்த வருடக் கடைசியில் மறுபடி போனார்கள். டிக்கெட், முகவரி, பணம், சரியான அளவில் வெட்டிய படங்கள் எல்லாம் அடங்கிய ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் கவுன்டரில் நின்றார். அதிகாரி ஃபைலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிரே இருந்த கேமராவைப் பார்க்கச் சொன்னார், முத்திரை குத்தினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீடு திரும்பி ஃபைலைக் காலி செய்தபோது பழைய போஸ்ட்கார்டுகள் அகப்பட்டன. நல்ல பேப்பர், தூக்கிப்போட மனசு வரவில்லை. தன்னுடையதில் ஒன்றை ஃப்ரேம் போட்டு ஷோகேஸ் மேல் வைத்தார். வெள்ளைப் பின்னணி, சிரிக்காத முகம். அடுத்த வாரம் ஊரிலிருந்து வந்த ஒன்றுவிட்ட சித்தப்பா கூடத்தில் அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, மெல்லிய குரலில் மனைவியிடம் கேட்டார்: "எப்பம்மா? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியே?"

அவர் அப்போது அடுக்களையில் சித்தப்பாவுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்.