பாலாற்றுப் பாலத்தைச் சைக்கிளில் கடத்தல்: ஓர் ஆய்வு

தலைப்பில் வரும் கடத்தல் மணல் சம்பந்தப்பட்டதல்ல என்பதை முதற்கண் தெளிவுபடுத்துவது ஆய்வாளரின் கடமை. அந்தக் கடத்தலை ஆராய்வோருக்குப் பாலத்தின் கீழேதான் வேலை. அதற்கு வேண்டிய துணிச்சல் வேறு ரகம்.

ஆய்வின் எல்லை பின்வருமாறு. அச்சரப்பாக்கத்தில் விடியற்காலை சைக்கிளை எடுத்து, மதுராந்தகம், படாளம், மாமண்டூர் என்று ஜி.எஸ்.டி. சாலையிலேயே போய்ப் பாலாற்றைக் கடப்பது; செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சேர்வது; திரும்பும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் கல்பாக்கம் தாண்டி வாயலூரில் அதே பாலாற்றை மறுபடி கடப்பது; கூவத்தூர், செய்யூர், சோத்துப்பாக்கம் வழியாக இருட்டுவதற்குள் வீடு வருவது. நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். கருதுகோள்: முழங்கால் வலிக்கும். இது படாளத்திலேயே நிறுவப்பட்டுவிட்டது. ஆனாலும் ஆய்வேட்டுக்கு இத்தனை பக்கம் இருக்க வேண்டும் என்று விதி இருப்பதால் ஆய்வு தொடர்ந்தது.

முன்னோடிகளைச் சொல்லாமல் ஆய்வேடு தொடங்கக் கூடாது. இத்துறையின் முதல் முன்னோடி சிவபெருமான். முப்புரம் எரிக்கப் புறப்பட்டவர், பிள்ளையாரை வணங்காமல் கிளம்பியதால் தேரின் அச்சு முறிந்து நின்ற இடம் அச்சரப்பாக்கம் என்பது தலபுராணம். ஆட்சீசுவரர் கோயிலில் இன்றும் சொல்வார்கள். புராணத்தை மேலோட்டமாகப் படித்தவர்கள் கவனிக்கத் தவறியது, அந்தத் தேருக்குச் சூரியனும் சந்திரனும் சக்கரங்கள் என்பதை. ஆக மொத்தம் இரண்டே சக்கரம். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. 1870களில் ஐரோப்பாவில் ஓடிய பென்னி ஃபார்திங் சைக்கிளின் அமைப்பு இதுவே. மேலும் தேரை ஓட்டியவர் பிரம்மா, சிவன் பின்னால். அதாவது டபுள்ஸ். டபுள்ஸ் போனால் அச்சு முறியும் என்பது எந்தச் சைக்கிள் கடையிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் (காண்க: பஞ்சர் கடை, வாய்மொழி).

அடுத்த சான்று சங்க காலம். சங்க காலச் சான்று இல்லாத தமிழ் ஆய்வை எந்தத் தேர்வாளரும் ஏற்பதில்லை; பொருள் செல்போன் கோபுரமாக இருந்தாலும் சரி. நல்லவேளையாக ஒன்று கிடைத்தது. புறநானூற்றின் 102ஆம் பாட்டில், மேடு பள்ளத்தில் என்ன ஆகுமோ என்று உமணர்கள் உப்பு வண்டியின் அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போனதை ஔவையார் சொல்கிறார். உப்பு விற்கப் போனவர்களுக்கு இருந்த முன்னெச்சரிக்கை முப்புரம் எரிக்கப் போனவருக்கு இல்லை. செய்யூர்ப் பக்கம் இன்றும் உப்பளம் உண்டு. எனவே அந்த உமணர்கள் சோத்துப்பாக்கம் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். 'எனவே' என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களுக்குத் தொடர்பு இருந்தாக வேண்டும் என்று இத்துறையில் யாரும் வற்புறுத்துவதில்லை.

மூன்றாவது சான்று கல்லிலேயே நிற்கிறது. மாமல்லபுரத்து ஐந்து ரதங்களில் ஒன்றுக்காவது சக்கரம் உண்டா? கிடையாது. கலை வரலாற்றாசிரியர்கள் அதற்குப் பல விளக்கங்கள் தருவார்கள். உண்மை எளிது. அவை ஏழாம் நூற்றாண்டில் செதுக்கப்பட்டவை. அதே நூற்றாண்டில்தான் சம்பந்தர் வந்து அச்சரப்பாக்கத்தைப் பாடிவிட்டுப் போனார். பக்கத்து ஊரில் அச்சு முறிந்த செய்தி பல்லவர்களுக்கு எட்டியிருக்கும். இனி சக்கரமே வேண்டாம் என்று சிற்பிகளுக்கு உத்தரவு போயிருக்கும். இக்கருத்தை மறுக்க நினைப்பவர்கள் முதலில் சக்கரத்தைக் காட்டட்டும்.

இனி பாலங்களின் வகைப்பாடு. உலகப் பாலங்களை இரண்டாகப் பிரிக்கலாம்: கம்பியில் தொங்குபவை, போக்குவரத்து தொங்குபவை. முதல் வகைக்கு 1937இல் திறந்த சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் எடுத்துக்காட்டு. இரு கோபுரங்களுக்கு இடையே 1,280 மீட்டர், சைக்கிளுக்கு அனுமதி உண்டு. 1998இல் திறந்த ஜப்பானின் அகாஷி கைக்கியோ 1,991 மீட்டர். சைக்கிளுக்கு இடமில்லை, ஆகவே இவ்வாய்வுக்கும் இடமில்லை. அதே ஜப்பானில் 1999இல் திறந்த குருஷிமா பாலங்கள் மூன்று தொங்கு பாலங்களின் தொடர். சைக்கிள் போகவும் தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். நமக்கு அருகில் என்றால் புனலூர், 1877, கல்லடை ஆற்றின் மேல். அங்கே இப்போது நடந்துதான் போக வேண்டும்.

இரண்டாம் வகைக்கு மாமண்டூர் பாலாற்றுப் பாலத்தை மிஞ்ச ஆளில்லை. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு பாலங்கள். இரண்டும் தூண் மேல் உறுதியாக நிற்பவை. ஆனால் பொங்கல் விடுமுறை முடிந்து தென்மாவட்டமே சென்னைக்குத் திரும்பும் இரவில் அங்கே எத்தனை ஆயிரம் பேர் தொங்குகிறார்கள் என்பதை உள்ளே மாட்டிக்கொண்டவர்களே அறிவர்.

தொங்கு பாலம் ஆடும். 1831இல் இங்கிலாந்தின் பிராட்டன் பாலம் சிப்பாய்கள் தாளம் தப்பாமல் நடந்து போனதில் விழுந்தது. 1940 நவம்பரில் அமெரிக்காவின் டகோமா பாலம் திறந்து நான்கு மாதம் கழிந்ததும் காற்றில் முறுக்கிக்கொண்டு விழுந்தது. பாலாற்றுப் பாலத்தில் இரண்டு பேர் ஒரே தாளத்தில் மிதித்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். ஒன்றும் ஆகாது. எம் சாண்ட் ஏற்றிய டாரஸ் லாரி பக்கத்தில் போகும்போது பாலம் லேசாக அதிரும், நாம் நன்றாகவே அதிர்வோம். பாலத்தின் இணைப்பு இடைவெளிகளில் முன்சக்கரம் ஒரு 'டக்', பின்சக்கரம் ஒரு 'டக்', அதன்பின் கேரியரில் கட்டிய டிபன் டப்பா மூடி ஒரு 'க்ளங்'. தாளம் அவ்வளவுதான்.

இனி ஆய்வின் மையப்பகுதிக்கு வருகிறோம்: எட்டிப் பார்த்தல்.

பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும் எவரும் ஆற்றில் தண்ணீர் போகிறதா என்று எட்டிப் பார்க்காமல் கடப்பதில்லை. இது சட்டத்தில் இல்லை, சாத்திரத்தில் இல்லை. ஆனால் மீறியவரைக் கண்டதில்லை. இதை முன்னெட்டல், நடுவெட்டல், பின்னெட்டல் என மூன்றாகப் பகுக்கலாம். பகுப்பதால் பயன் ஒன்றுமில்லை. மூன்று துணைத்தலைப்பு கிடைக்கும். பேருந்துப் பயணி சீட்டிலிருந்து பாதி எழுந்து, தண்ணீர் இல்லை என்று தெரிந்ததும் பாதியிலேயே உட்காருகிறார் (காண்க: அரசுப் பேருந்து, சன்னலோர இருக்கை). கார்க்காரர் தலையைத் திருப்பாமல், “தண்ணி போவுதா பாரு” என்று மனைவியிடம் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தானே திரும்பிப் பார்க்கிறார் (மேலது, ஆனால் ஏசி). பைக்கில் பின்னால் இருப்பவர் ஓட்டுபவரின் தோளை அழுத்தி எழுகிறார் (காண்க: தோள், வலது, ஒப்புநோக்குக: தோள், இடது, திரும்பும் பயணத்தில்). சைக்கிள்காரர் ஒருவருக்குத்தான் முழு ஆற்றையும் கரையிலிருந்து கரைவரை பார்க்க நேரம் இருக்கிறது. அவருக்குத்தான் மூச்சு இல்லை.

எட்டலுக்குப் பின் வருவது தீர்ப்பு. இது மூன்றே வடிவில் கிடைக்கிறது. “எங்க, மணலுதான்” என்பது பெரும்பான்மை. “கொஞ்சம் ஊறியிருக்கு” என்பது கார்த்திகைத் தீர்ப்பு. “யப்பா!” என்பது 2021 நவம்பரில் கரை தொட்டு ஓடியபோது சொன்னது. (டீக்கடை பெஞ்ச், இடது ஓரம், முதல் டீ, மேலது, இரண்டாம் டீ, முதல் டீயில் சொன்னதை மறுத்து, மேலது, பஜ்ஜி வந்தபின் இரு கருத்தையும் சமரசம் செய்து, இவற்றை எல்லாம் மறுத்துத் தினத்தாள் கிழிசல், பஜ்ஜி மடித்தது, எண்ணெய் படியாத பகுதி மட்டும்.)

இங்கே ஒரு சிறு குறிப்பு. “மணலுதான்” என்று தீர்ப்பளித்தவர் அடுத்த நிமிடம் பாட்டிலைத் திறந்து மடக்கு மடக்கென்று குடிக்கிறார். வீட்டுக் குழாயில் பிடித்து வந்த அந்தத் தண்ணீர் பாலாற்று மணலுக்கு அடியிலிருந்து ஏறியது. ஆற்றுப்படுகைக் கிணறுகளை நம்பித்தான் கரையோர ஊர்கள் குடிக்கின்றன. கல்பாக்கத்து அணுமின் நிலையத்துக்கே நல்ல தண்ணீர் பாலாறு தந்ததுதான். நந்தி மலையில் பிறந்து வாயலூரில் கடல் சேரும் இந்த ஆறு வருடத்தில் பெரும்பகுதி மணலுக்குள்ளேதான் நடக்கிறது. மணலை அள்ளிவிட்டால் அந்த நடையும் நிற்கும். இறங்கி, ஒரு முழம் தோண்டிப் பார்த்தவர் தீர்ப்பு வேறாக இருக்கும். ஆனால் யார் இறங்குகிறார்கள்? கைப்பிடிச் சுவருக்கு மேலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துச் சொன்னதை அடுத்தவர் மேற்கோள் காட்ட, அவரை அதற்கடுத்தவர் மேற்கோள் காட்ட, மூன்றாம் தலைமுறையில் அது துறையின் ஒப்புக்கொள்ளப்பட்ட முடிபாகிவிடுகிறது. நான் பாலத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

வாயலூர்ப் பாலத்தில் தடுப்பணை புண்ணியத்தில் தண்ணீர் கண்ணில் படுகிறது. ஆகவே அங்கே ஆய்வுக்கு ஒன்றுமில்லை. எதிர்க்காற்று மட்டும் உண்டு.

முடிபுகள்: ஆறு இருக்கிறது. பாலம் தொங்கவில்லை. முழங்கால் வலிக்கிறது. இவற்றை ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசிக்க மூன்று நிமிடம் கொடுத்தார்கள். பன்னாட்டுக்கு ஒருவர் கொழும்பிலிருந்து வீடியோவில் வந்திருந்தார், ஒலி வரவில்லை. நெறியாளர் கட்டுரையைப் பார்க்காமலே கையெழுத்திட்டார். பாலத்தை மட்டும் ஊருக்குப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பதாகச் சொன்னார்.

மேலாய்வு செய்ய விரும்புவோர் வெயிலுக்கு முன் கிளம்புங்கள், உபரி டியூபும் பம்பும் எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போடுங்கள். எக்காரணம் கொண்டும் பாலத்தின் மேல் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்க்காதீர்கள். பின்னால் வரும் லாரிக்காரரும் அந்நேரம் ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டு வருவார்.