மொய்ப்பணத்தில் ஓடிய அரசாங்கம்

இங்கிலாந்து ராஜாவுக்கு வரி கட்ட மாட்டோம் என்று துப்பாக்கியைத் தூக்கிய அமெரிக்கர்கள், அந்த ஜோரில் தங்கள் சொந்த அரசாங்கத்துக்கும் சேர்த்தே பட்டை நாமம் சாத்திவிட்டார்கள். 1777இல் எழுதி 1781இல் அமலுக்கு வந்த 'கூட்டமைப்பு விதிகள்'தான் அந்த நாமம். காங்கிரஸ் என்று ஒரு சபை. அதிகாரமுள்ள ஜனாதிபதி கிடையாது, தேசத்துக்கென்று கோர்ட் கிடையாது. காங்கிரஸ் போர் தொடுக்கலாம், ஒப்பந்தம் போடலாம், கடன்கூட வாங்கலாம். வரி மட்டும் போடக் கூடாது.

காசு வேண்டுமென்றால் 13 மாநிலங்களுக்கும் ஓலை போகும். மனசிருந்தால் மொய் எழுதுவார்கள். கல்யாண வீட்டிலாவது, மொய் வைக்காதவன் வீட்டு விசேஷத்துக்கு நாமும் கையை வீசிக்கொண்டு போய்ப் பழி தீர்க்கலாம். காங்கிரஸுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

1783 ஜூனில் சம்பள பாக்கி கேட்டு சுமார் 400 சிப்பாய்கள் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூடும் கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். போதாக்குறைக்கு அக்கம்பக்கத்துக் கடைகளிலிருந்து அவர்களுக்குச் சரக்கு வேறு சப்ளை. 'உங்கள் படையைக் கூப்பிடுங்களேன்' என்று காங்கிரஸ்காரர்கள் பென்சில்வேனியா அரசிடம் கேட்டார்கள், அது அசையவில்லை. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை ஜெயித்த சபை, பிரின்ஸ்டனுக்கு ஓட்டம் பிடித்தது. அடுத்த ஆண்டு, அதிகாரிகள் நீங்கலாக 80 பேர் போதும் என்று ராணுவத்தைச் சுருக்கினார்கள். நாட்டைக் காக்க அல்ல, கிடங்கில் கிடந்த தளவாடங்களைக் காக்க!

இறக்குமதிக்கு 5 சதவீதம் சுங்கமாவது போட்டுக்கொள்கிறோமே என்று காங்கிரஸ் ஏற்கெனவே கெஞ்சிப் பார்த்திருந்தது. விதியைத் திருத்த 13 தலையும் ஆட வேண்டும். 12 ஆடினாலும் பிரயோஜனமில்லை. 1782இல், இருப்பதிலேயே குட்டி மாநிலமான ரோட் ஐலண்ட் 'முடியாது' என்றது. கதை கந்தல்.

1786இல் மாசசூசெட்ஸில் கடனும் மாநில வரியும் கழுத்தை நெரிக்க, விவசாயிகள் கோர்ட் வாசலை மறித்தார்கள். முன்னாள் ராணுவ கேப்டன் டேனியல் ஷேஸ் அவர்களில் முக்கியப் புள்ளி. காங்கிரஸ் கையை விரித்தது. கடைசியில் பாஸ்டன் வியாபாரிகள் சொந்தக் காசு போட்டுப் படை திரட்டிக் கலகத்தை அடக்கினார்கள். சந்தா வசூலித்துத்தான் சட்டம் ஒழுங்கைக் காக்க வேண்டும் என்ற நிலை வந்ததும் பெரிய மனிதர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது.

1787 மே மாதம் பிலடெல்பியாவில் கூடினார்கள். கிடைத்திருந்த அனுமதி, பழைய விதிகளைத் திருத்த மட்டும். மொத்தம் 55 பேர், கோடைப் புழுக்கத்தில் ஜன்னலை அடைத்துக்கொண்டு, வாசலில் காவல் வைத்துப் பழையதைக் கடாசிவிட்டுப் புதிதாக ஓர் அரசியல் சாசனத்தையே எழுதினார்கள். காங்கிரஸின் அதிகாரப் பட்டியலில் முதல் அயிட்டமே வரி. 'மக்களாகிய நாம்' என்று கம்பீரமாக ஆரம்பித்த அதே காகிதத்தில், ஓர் அடிமையை ஐந்தில் மூன்று ஆளாகக் கணக்கிடவும் கூச்சப்படவில்லை. 13 தலையும் ஆட வேண்டும் என்ற பழைய விதியை மதித்தால் காரியம் நடக்காது என்பதால், 9 மாநிலம் ஒப்புக்கொண்டால் போதும் என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

ரோட் ஐலண்ட் அந்தக் கூட்டத்துக்கே ஆள் அனுப்பவில்லை. வாஷிங்டன் ஜனாதிபதியாகி ஒரு வருடமாகியும் முறுக்கிக்கொண்டு நின்றது. 1790 மே மாதம், 'உன்னோடு வியாபாரமே வேண்டாம்' என்று செனட் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அந்த மாதம் முடிவதற்குள் ரோட் ஐலண்ட் 34க்கு 32 என்ற ஓட்டில் வந்து சேர்ந்தது. கொள்கைக்கு அசையாத மாநிலம், கல்லாவில் கை வைத்ததும் தலையாட்டிவிட்டது.