அறைதேடியார்

நாயன்மார்கள் 63 பேர் என்று பெரியபுராணம் சொல்கிறது. 64-ஆவதாக ஒருவரைச் சேர்க்கும் உரிமை எனக்குக் கிடைத்தால் அறைதேடி நாயனாரைச் சேர்ப்பேன். ஊண் உறக்கம் மறந்து, வேறு நினைப்பே இல்லாமல், உருகி உருகித் தேடுவதில் மற்ற 63 பேருக்கும் இவர் இளைத்தவர் அல்லர். என்ன, அவர்கள் தேடியது ஈசனை. இவர் தேடுவது பாரிஸ் மாநகரில் அழகான, அதே சமயம் மலிவான ஒரு ஹோட்டல் அறையை. ஈசன் கிடைத்தவர்கள் உண்டு.

என் தாத்தா 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட புதுச்சேரிக்காரர். அந்தப் புண்ணியத்தில் நான் முப்பது வருடமாகப் பாரிஸ் புறநகர் ஒன்றில் குடியிருக்கிறேன். பங்குனி பிறந்தால் போதும், போன் வர ஆரம்பித்துவிடும். "தம்பி, இந்த வருஷம் கிளம்பிட்டோம். நல்லதா ஒரு ஹோட்டல் சொல்லேன்." நம் வீட்டிலேயே தங்கலாமே என்பேன். "உனக்கெதுக்குப்பா சிரமம்" என்பார்கள். புறநகரில் தங்கினால் ஊருக்குத் திரும்பி, பாரிஸில் தங்கினோம் என்று நிமிர்ந்து சொல்ல முடியாது அல்லவா!

போன் செய்கிற எல்லாரும் அறைதேடியார் ஆகிவிடுவதில்லை. தீட்சை பெற்றவரை ஒரே வாக்கியத்தில் கண்டுகொள்ளலாம். "விலை ஒரு பொருட்டே இல்ல, ஆனா..." என்று தொடங்குவார். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வருவது முழுக்க விலைதான்.

என் ஒன்றுவிட்ட சித்தப்பா, கடலூரில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இந்த மார்க்கத்தில் முதிர்ந்த நிலையை எட்டியவர். அவருடைய முதல் கண்டுபிடிப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. "தம்பி, பிடிச்சிட்டேன். நட்ட நடு ஊரு. ஆத்தங்கரை. பாத்தா அரண்மனை மாதிரி இருக்கு. பேரு ஹோட்டல் டி வில்லே. வாடகைதான் எங்கயும் போடல, கேட்டுச் சொல்லு."

அது ஒத்தேல் த வீல். பாரிஸ் நகராட்சி மன்றக் கட்டடம். அங்கே தங்க வேண்டுமானால் மேயர் தேர்தலில் நிற்க வேண்டும். நம் ஊரில் ஹோட்டல் என்றால் இட்லி கிடைக்கும் இடம். பிரெஞ்சுக்காரனுக்கோ பெரிய கட்டடம் எல்லாமே ஒத்தேல். பிரபு வாழ்ந்த மாளிகையும் ஒத்தேல், முடமான படைவீரர்களுக்காக 14-ஆம் லூயி கட்டிய இடமும் ஒத்தேல். மறுநாள் இன்னொரு படம் வந்தது. "இது நோத்ரு தாம் கோயிலுக்குப் பக்கத்துலயே இருக்கு. பேருலயே கடவுள் இருக்காருன்னு கூகுள் சொல்லுது." அது ஒத்தேல் தியு. பாரிஸின் மிகப் பழைய மருத்துவமனை. "அங்கயும் படுக்கை உண்டு சித்தப்பா, சாப்பாடும் உண்டு. ஆனா காய்ச்சல் வரணும்" என்றேன். ஒரு கணம் யோசித்தார். "இன்ஷூரன்ஸ் ஏத்துக்குமா?" என்றார்.

அதன் பிறகுதான் நோட்டு பிறந்தது. நீளவாக்கு கணக்கு நோட்டு, சிவப்பு மையில் கோடு, பக்கத்துக்குப் பத்து ஹோட்டல். பாரிஸ் 20 வட்டாரங்களாகப் பிரிந்து நத்தை ஓடு மாதிரி நடுவிலிருந்து சுருண்டு வெளியே போகிறது, அஞ்சல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் வட்டார எண் என்பதெல்லாம் எனக்கு இங்கே வந்து ஒரு வருடம் கழித்துத்தான் பிடிபட்டது. அவர் கடலூரில் உட்கார்ந்தபடி ஒரு வாரத்தில் கரைத்துக் குடித்துவிட்டார். "75018 வேணாம்டா, ஏத்தம் ஜாஸ்தி. அபெஸ் ஸ்டேஷன் தரைக்குக் கீழ 36 மீட்டராம், பாரிஸ்லயே அதான் ஆழமாம். சித்திக்கு முட்டி வலி."

ராகு காலம் குறித்து வைப்பதுபோல ஆகாத நாட்களையும் குறித்து வைத்திருந்தார். செப்டம்பர் கடைசியில் ஃபேஷன் வாரம், மே கடைசியில் டென்னிஸ், ஒற்றைப்படை வருடம் ஜூனில் லெ பூர்ழே விமானக் கண்காட்சி. அந்த நாட்களில் விலை வானத்துக்குப் போய்விடும். ஆகஸ்டில் பாரிஸ்காரர்களே ஊரைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார்கள், வியாபார விஷயமாக வருகிறவர்களும் குறைவு, அறை விலை இறங்கும். எனவே ஆகஸ்ட் கடைசி என்று முகூர்த்தம் குறிக்கப்பட்டது.

விமர்சனங்களைப் படிப்பதில் அவர் காட்டிய நுட்பத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. "மூணாம் மாடியில வெந்நீர் வரலன்னு 2017-ல ஒரு அம்மா எழுதியிருக்காங்க. இப்ப சரி பண்ணிட்டாங்களான்னு யாரும் எழுதல" என்று நள்ளிரவில் கவலைப்படுவார். எழுதியவர் எந்த நாடு என்று பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். "ரூம் சின்னதுன்னு அமெரிக்காக்காரன் சொன்னா காதுல போட்டுக்கவே கூடாது. பம்பாய்க்காரன் சொன்னா ஓடிரணும்."

நடுவே ஷெங்கன் விசா வந்தது. தங்குமிடத்துக்குச் சான்று கேட்பார்கள். அறைதேடியார் அதற்காக ஒரு அறையைப் பதிவு செய்தார், கட்டணமில்லாமல் ரத்து செய்யும் வசதியோடு. பிறகு அதைவிட மூன்று யூரோ குறைவாக ஒன்று. பிறகு அதைவிட ஜன்னல் பெரிதாக ஒன்று. ஆடி மாதம் முடிவதற்குள் ஒரே இரவுக்கு நான்கு ஹோட்டல்களில் அவருக்குப் படுக்கை விரித்திருந்தார்கள். ரத்து செய்ய வேண்டிய கெடு தேதிகள் வீட்டுத் தினசரி காலண்டரில் அமாவாசைக்கும் கிருத்திகைக்கும் பக்கத்தில் ஏறின.

இத்தனைக்கும் அவருக்கு வேண்டியது என்ன? "சார்மிங்கா இருக்கணும்டா." சார்ம் என்றால்? "மேல மர உத்தரம் தெரியணும். ஜன்னலுக்கு இரும்புக் கிராதி. வளைஞ்சு வளைஞ்சு ஏறுற மரப்படி."

எனக்கு நெல்லிக்குப்பம் பக்கத்தில் இருந்த அவர்களுடைய பூர்வீக வீடு ஞாபகம் வந்தது. தேக்கு உத்தரம், நாட்டு ஓடு, நடுவில் முற்றம். பல்லி விழுகிறது என்று 1996-இல் இடித்து, உத்தரத்தையெல்லாம் லாரியில் ஏற்றி விற்றுவிட்டு, காங்கிரீட் போட்டு, அதற்குக் கீழே பொய்க்கூரையும் அடித்தார். சித்தி போனில் குறுக்கே வந்தார். "நம்ம வீட்டு உத்தரம்தான் அங்க போயிருக்கோ என்னவோ தம்பி. எதுக்கும் ஒரு எட்டு விசாரிச்சுப் பாரு."

பிரான்சில் ஹோட்டலுக்கு நட்சத்திரம் கொடுப்பது அளவையும் வசதியையும் எண்ணித்தான். ஒற்றை நட்சத்திரத்தில் இருவர் அறை 9 சதுர மீட்டர் இருந்தால் போதும், ஐந்துக்கு 24 வேண்டும். அழகுக்கு அதில் மதிப்பெண் கிடையாது. அழகு தானாக வருவது, பெரும்பாலும் வறுமையோடு வருவது. பெயர் வெளியே தெரிந்ததும் வறுமை வெளியேறி விலை உள்ளே வந்துவிடும். ஆஸ்கர் வைல்டு 1900-இல் போசார் தெருவில் கடனாளியாக உயிர்விட்ட ஹோட்டல் அன்றைக்குச் சாதாரண இடம், இன்றைக்கு ஐந்து நட்சத்திரம். ழி-ல-கேர் தெரு 9-ஆம் எண்ணில் அமெரிக்க எழுத்தாளர்கள் கின்ஸ்பர்க்கும் பர்ரோசும் கிடந்த ஹோட்டல் அந்தக் காலத்து 13-ஆம் வகுப்பு, அதாவது கடைசி வகுப்பு. குளிக்க வேண்டுமானால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், வெந்நீருக்குத் தனிக்காசு. 1963-இல் அதை மூடினார்கள். இன்று அதே கட்டடத்தில் நான்கு நட்சத்திர ஹோட்டல் நடக்கிறது. இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். "அப்ப 1963-க்கு முன்னாடியே வந்திருக்கணும்" என்று நிஜமாகவே வருந்தினார்.

கார்து நோர் ரயில் நிலையத்துப் பக்கம், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கு நடக்கும் தூரத்தில், எனக்குத் தெரிந்த ஒரு இடம் இருந்தது. பெரிய லிப்ட், சுத்தமான அறை, 128 யூரோ. "இங்க வந்தும் மல்லிகைப்பூவும் முருங்கைக்காயும் விக்கிற தெருவா?" என்று ஒரே வார்த்தையில் அடித்துவிட்டார். ஐந்தாம் வட்டாரத்தில் மூஃப்தார் தெருவை ஒட்டிய சந்தில் ஒன்றைப் பிடித்தார். 120 யூரோ. ஜார்ஜ் ஆர்வெல் 1928-இல் குடியேறி, பிறகு கையில் காசில்லாமல் கிடந்த போ-த-ஃபேர் தெருவுக்கு அடுத்தாற்போல். நோட்டில் உத்தரம் டிக், கிராதி டிக், லிப்ட் டிக், ஈஃபில் கோபுரம் தெரியும் என்பதற்கு இரண்டு டிக்.

விமான நிலையத்திலிருந்து நான்தான் அழைத்துப் போனேன். வரவேற்பு மேசையில் முதல் அடி. தங்கல் வரி, ஆளுக்கு, இரவுக்கு, தனியாக. 2024-இல் அதை நன்றாக ஏற்றிவிட்டார்கள். நோட்டில் அதற்குக் கோடே போடவில்லை.

லிப்ட் இருந்தது. பாரிஸின் பழைய கட்டடங்கள் லிப்டுக்கு முன்பே பிறந்தவை. படிக்கட்டின் நடுவே கிடந்த இடுக்கில் பிற்காலத்தில் லிப்டைச் சொருகியிருப்பார்கள். இரண்டு பேர் ஏறலாம் என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு பேருக்கும் அன்று காலைதான் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். பெட்டியை மட்டும் உள்ளே நிறுத்தி 5-ஆம் எண்ணை அழுத்திவிட்டு மூவரும் வளைந்து வளைந்து ஏறினோம். ஐந்தாம் மாடியில் பெட்டி இல்லை. கீழே யாரோ பொத்தானை அமுக்க, அது இறங்கிவிட்டது. சித்தப்பா இறங்கினார். அவர் மூன்றாம் மாடியைத் தாண்டும்போது பெட்டி அவரைக் கடந்து மேலே போனது. கிராதி வழியாகப் பார்த்துக் கையசைத்தார். அது நான்காவதில் நின்று, மறுபடி கீழே போனது. கடைசியில் ஐந்தாம் மாடிக்கு வந்து சேர்ந்தபோது அதன்மேல் யாரோ ஒரு செய்தித்தாளை மடித்து வைத்திருந்தார்கள்.

அறைக்குள் நுழைந்ததும் பையிலிருந்து இஞ்சி டேப்பை எடுத்தார். சித்தியைக் கட்டிலில் ஏறி உட்காரச் சொல்லிவிட்டு அளந்தார். "9.4 சதுர மீட்டர். 9-ன்னுதான் போட்டிருந்தான். நமக்கு லாபம்." நிமிர்ந்தபோது உத்தரம் நெற்றியில் இடித்தது. "நிஜ மரம்டா" என்றார், தடவிக்கொண்டே.

ஏசி இல்லை. இங்கே விலை குறைந்த ஹோட்டல்கள் பலவற்றில் இருக்காது. 2019 ஜூலையில் பாரிஸ் 42.6 டிகிரியைத் தொட்டது என்று சொல்லி வைத்தேன். "கடலூர்க்காரன்கிட்ட வெயிலப் பத்திப் பேசாத" என்றார். தெருப்பக்கம் சத்தம் என்று முற்றப்பக்கத்து அறையைக் கேட்டு வாங்கியிருந்தார். விடிகாலை ஆறு மணிக்கு மூஃப்தார் தெரு முதல்நாள் இரவு குடித்த ஒயின் பாட்டில்கள் அத்தனையையும் அந்த முற்றத்தில்தான் தொட்டியில் கொட்டினார்கள்.

ஈஃபில் கோபுரமும் தெரிந்தது. குளியலறைச் சின்ன ஜன்னலில், கக்கூஸ் மூடிமேல் ஏறி நின்றால். இரவு பத்து மணிக்கு ஐந்து நிமிடம் அது மினுக்கியபோது முறை வைத்து ஏறிப் பார்த்தோம். 330 மீட்டர் கோபுரத்தில் உச்சி மட்டும் நம் பங்கு. "தென்னை மர நுனியில சீரியல் லைட்டு போட்ட மாதிரி இருக்கு" என்றார் சித்தி இறங்கும்போது.

மறுநாள் காலை உணவு ஆளுக்கு 14 யூரோ என்றார்கள். பிறைச் சந்திரன் மாதிரி ஒரு ரொட்டி, கொஞ்சம் ஜாம், ஒரு காபி. சித்தப்பா அதை நூறால் பெருக்கினார். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அந்த லாச்சப்பல்ல இட்லி கிடைக்கும்னியே?" என்றார். அன்றிலிருந்து தினமும் பிளாஸ் மோன்ழில் மெட்ரோ ஏறி, ஸ்தாலின்கிராதில் மாறி, நான் சொன்ன ஹோட்டலுக்குப் பக்கத்துத் தெருவில் போய் இட்லி சாப்பிட்டார்கள். 2025-இல் ஒரு மெட்ரோ டிக்கெட் 2.50 யூரோ. இரண்டு பேர், போக வர, 10 யூரோ. அறையில் மிச்சம் பிடித்தது 8. வங்கியில் முப்பத்தைந்து வருடம் கணக்குப் பார்த்த மனிதர், அந்தக் கூட்டலை மட்டும் கடைசி வரை போடவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அவர் குரு ஸ்தானத்துக்கு உயர்ந்துவிட்டார். பாரிஸில் எங்கே தங்கலாம் என்று கேட்கிறவர்களிடம் குரலைத் தாழ்த்தி, "ஒரு இடம் இருக்கு, யாருக்கும் தெரியாது, உத்தரமெல்லாம் தேக்கு மாதிரி இருக்கும்" என்கிறாராம். பார்த்த ஓவியங்களைப் பற்றிப் பேச்சே இல்லையாம்.

பாரிஸுக்குப் புறப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நாலே கேள்வி கேளுங்கள். லிப்டில் பெட்டியோடு ஆளும் ஏற முடியுமா? ஜன்னலுக்குக் கீழே என்ன இருக்கிறது? கோடையில் ஏசி உண்டா, இல்லை விசிறியாவது உண்டா? நீங்கள் தினமும் சாப்பிடப் போகும் இடம் எவ்வளவு தூரம்? பதில் ஒத்துவந்தால் பதிவு செய்துவிட்டு நோட்டை மூடிவிடுங்கள். உத்தரம் பார்க்க ஆசையாக இருந்தால் ஊரில் இன்னும் இடிக்காத வீடு ஏதாவது இருக்கும், பணம் கேட்க மாட்டார்கள், காபியும் கொடுப்பார்கள்.

போன வாரம் சித்தப்பா பேசினார். புது நோட்டு வாங்கிவிட்டாராம், அடுத்த வருடம் ரோமாபுரியாம். "அங்க நம்ம ஆளுங்க யாராவது இருக்காங்களா தம்பி?" என்றார். ரோமில் இருக்கும் தமிழர்களே, இன்றைக்கே போன் நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள்.