முத்துச் சல்லடையில் மோட்டார் சைக்கிள் கதைகள்

தூத்துக்குடி புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நான்குவழிச் சாலை. இந்தத் தூரத்தை மோட்டார் சைக்கிளில் கடக்க எவ்வளவு நேரமாகும் என்ற வினா பார்வைக்கு எளியது. இறங்கிப் பார்த்தால் ஆழமானது. கைபேசி வரைபடம் ஒரு கணக்குச் சொல்லும், டோல்கேட்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மா வேறொன்று சொல்வார். இரண்டையும் இக்கட்டுரை தள்ளுபடி செய்கிறது. வண்டி ஓட்டியவர் இறங்கி, சைடு ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டி, கையில் டீ கிளாஸை வாங்கிய பிறகு சொல்லும் கணக்கு ஒன்றே இங்கு மூல ஆதாரம்.

அந்த ஆதாரத்தின்படி, அரை மணி.

ஆனால் முதல் தடவை சொல்லும்போது அரை மணி வராது. வந்து இறங்கிய சூட்டில், "ஒரு மணி நேரம் ஆயிட்டுலே, வல்லநாட்டுல ஒரே டிராபிக்கு" என்பதுதான் வாக்குமூலம். மறுநாள் அது முக்கால் மணி ஆகிறது. அண்ணாச்சிமார் யாராவது பக்கத்தில் இருந்தால், மரியாதை கருதி நாற்பது நிமிடத்தில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அரை மணிக்கு வந்து சேர்ந்துவிடும். அதன்பின் எத்தனை தடவை சொன்னாலும் இருபத்தைந்துக்கு இறங்குவதில்லை. இதற்கு 'அரைமணித் தேக்கம்' என்று பெயரிடுகிறேன். கேட்கிறவர் தலையாட்டக்கூடிய கடைசி எல்லை அரை மணி. இருபத்தைந்து என்று சொன்னால் எதிரே இருப்பவர் மனக்கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். மனக்கணக்கு எந்தக் காவியத்துக்கும் ஆகாது.

போட்டுத்தான் பார்ப்போமே. 50 கிலோமீட்டர் அரை மணியில் என்றால் சராசரி வேகம் 100. மூன்றாவது மைல் தாண்டும் வரை ஊர்ந்து, துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்களுக்கு வழிவிட்டு, அடிக்கடி ஓட்டை விழுந்து ஒருவழியாகிப்போகும் வல்லநாடு ஆற்றுப்பாலத்தில் வரிசையில் நின்று, பாளையங்கோட்டைக்குள் ஆட்டோக்களுக்கு நடுவே நுழைந்து வருவதில் 10 கிலோமீட்டருக்கு 10 நிமிடம் என்று தாராளமாகவே கழிப்போம். மிச்சமுள்ள 40 கிலோமீட்டரை 20 நிமிடத்தில் கடந்தாக வேண்டும்: மணிக்கு 120. சொன்னவர் வைத்திருப்பது ஸ்பிளெண்டர். தொண்ணூறைத் தொடுவதற்குள் அதற்குத் தொண்டை கட்டிவிடும்.

பொய் என்று சொல்லிவிட்டு எழுந்துபோகத் தெருவில் போகிறவருக்கு உரிமை உண்டு, ஆய்வாளனுக்கு இல்லை. மிகை எந்த இடத்தில் உற்பத்தியாகிறது என்று அவன் தேட வேண்டும். தேடியதில், அது ஓட்டுகிறவரின் வாயில் தொடங்கவில்லை, ஹேண்டில்பாரிலேயே தொடங்கிவிடுகிறது என்று தெரிகிறது. வேகமானி பற்றிய ஐ.நா.வின் 39ஆம் எண் விதி, மீட்டர் உண்மையான வேகத்துக்குக் குறைவாக ஒருபோதும் காட்டக்கூடாது என்கிறது. கூடுதலாகக் காட்டலாம், பத்து சதவீதமும் அதற்கு மேல் சில கிலோமீட்டரும் வரை தடையில்லை. எதற்கு வம்பு என்று கம்பெனிகள் முள்ளைக் கொஞ்சம் ஏற்றியே வைக்கின்றன. ஆக, 80இல் போகிறவருக்கு வண்டியே 85 என்று சொல்லிக் கொடுக்கிறது. பின்னால் உட்கார்ந்து தோள்வழியே எட்டிப் பார்க்கிற மாப்பிள்ளைக்கு முள் சாய்ந்து 90 ஆகத் தெரிகிறது. டீக்கடையில் அது நூறாவதற்கு இன்னும் பத்துதான் பாக்கி.

அரசாங்கமும் சளைத்ததில்லை. லடாக்கில் உள்ள கார்துங் லா கணவாயில் உலகிலேயே உயரமான சாலை என்று பலகை நட்டு, 18,380 அடி என்று பல காலம் எழுதி வைத்திருந்தார்கள். அளந்து பார்த்தவர்களுக்கு 5,359 மீட்டர்தான் வந்தது. அடிக்கணக்கில் 17,600க்கும் சற்றுக் குறைவு. ஏறத்தாழ 800 அடியைப் பலகையே சேர்த்துக்கொண்டது. மேம்பாலம் ஏறினாலே மலையேறிய உணர்வு வரும் இந்தத் தட்டை ஊரிலிருந்து அங்கே புல்லட்டில் போய்ப் பலகை முன்னால் போட்டோ எடுத்து வந்தவர், தன் பங்குக்கு ஒரு பனிச்சரிவைச் சேர்ப்பதை யார் கேட்க முடியும்?

இந்தக் கரைக்கு முன்மாதிரியும் உண்டு. வண்டி இல்லாமல் வந்தவர்தான் என்றாலும், வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவை இத்துறையின் மூத்தவராகக் கொள்ளலாம். காயல் துறைமுகத்தையும் முத்துக்குளிப்பையும் பற்றிச் சொன்னவர்; திருச்செந்தூர் சாலையில் நாம் ஹாரன் அடித்துக் கடந்துபோகும் பழையகாயல்தான் அது என்பர். 1298இல் ஜெனோவா சிறையில் அடைபட்டிருந்தபோது, கூட இருந்தவரிடம் கதை கதையாகச் சொல்லி எழுத வைத்தார். கேட்பவர் எழுந்துபோக முடியாத இடம். கதை சொல்ல அதைவிட வாகான டீக்கடை கிடையாது. பிற்பாடு அவருக்கு 'மில்லியன்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதற்கு, எதையும் லட்சக்கணக்கில் சொன்னதே காரணம் என்று ஒரு கருத்து உண்டு.

அவர் சொன்னவற்றில் ஒன்று நம் ஆய்வுக்கு நேரடியாகப் பயன்படும். முத்துக் குளிப்பவர்களைச் சுறா அண்டாமல் மந்திரம் போட்டுக் கட்டுபவர்களுக்கு, எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு கூலியாம். மந்திரம் பகலுக்கு மட்டும். இரவில் யாரும் திருட்டுத்தனமாகக் குளிக்காதபடி அவிழ்த்துவிடுவார்களாம். கடற்கட்டி என்ற இந்த ஆள் இல்லாமல் குளியாட்கள் கடலில் இறங்கமாட்டார்கள் என்பதால், வெள்ளைக்கார அதிகாரிகளும் அவரை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று சுறாவின் இடத்தில் கண்டெய்னர் டிரெய்லர் இருக்கிறது. புது வண்டி எடுத்தால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியாக வேண்டும், அல்லது பனிமய மாதா கோயிலில் சாவி மந்திரிக்கப்பட வேண்டும். இரண்டையும் செய்துகொள்பவர்களும் உண்டு. இங்கும் கட்டு பகலில்தான் பிடிக்கிறது. இரவில் அவிழ்ந்துவிடுவதற்கான சான்றுகள் பைபாஸ் ஓரத்தில் கண்ணாடித் தூளாகக் கிடக்கின்றன.

இனி ஆய்வுமுறை. தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக முத்துநகர் என்றே பெயர், தினமும் சென்னைக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ். கையில் முத்தைக் காட்டு என்று ஊரை யாரும் கேட்பதில்லை. எனவே ஓட்டியவரிடம் அத்தாட்சி கேட்பதற்கும் இவ்வூரில் யாருக்கும் அருகதை இல்லை. கேட்காமலே தரம் பிரிக்கும் வித்தைதான் நமக்கு வேண்டும். அது முத்து வியாபாரிகளிடம் இருந்தது.

அவர்களிடம் பத்துப் பித்தளைத் தட்டுகள் இருந்தன. எல்லாம் ஒரே அகலம். ஓட்டையின் எண்ணிக்கைதான் வேறு. முதல் தட்டில் 20 ஓட்டை, அடுத்து 30, 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. இருபது ஓட்டைத் தட்டில் விழாமல் தங்குவது பெரிய முத்து. ஆயிரத்திலும் தங்காமல் கொட்டிப்போவது தூள். அளவு பார்த்த பிறகு உருட்சியும் ஒளியும் பார்த்துத் தரம் பிரிப்பார்கள், உச்சம் ஆணிமுத்து. விலை பேசும்போது வாய் திறக்கமாட்டார்கள். துணிக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்தும் அழுத்தியும் பேரம் நடக்கும்.

இருபது ஓட்டைத் தட்டில் தங்கும் கதைகள் மிகச் சில. துறைமுகச் சாலையில் இரவில் ஓரமாக நிறுத்திய டிரெய்லர், பின்விளக்கு கிடையாது, ஒளிர்பட்டை மேல் கரித்தூள் படிந்திருக்கிறது. தன் ஹெட்லைட் அதன் பின்பக்க இரும்பில் பட்ட பிறகுதான் அங்கே ஒன்று நிற்கிறதென்று தெரிகிறது. இதைச் சொல்கிறவர் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்: "லைட்டு இல்லாம நின்னுக்கிட்டு இருந்தான். ஒடிச்சேன்." எத்தனையில் வந்தார் என்று சொல்லவில்லை. இக்கட்டுரையின் தலையாய கண்டுபிடிப்பு இதுதான்: எண் இல்லாத கதை ஆணி.

2023 டிசம்பர் வெள்ளக் கதைகளும் இந்தத் தட்டில்தான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் பக்கம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் வேகத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை. ஆழத்தைக்கூட வண்டியின் உறுப்பைக் கொண்டே சொன்னார்கள்: சைலன்சர் வரை, பிளக் வரை, டேங்க் வரை. அந்த அளவு இன்றுவரை ஒரு விரல்கூட ஏறவில்லை. கேட்டுக்கொண்டிருப்பவரும் அதே தண்ணீரில் நின்றவர் என்பதால் ஏற்றுவதற்கு இடமில்லை. மிகை வளர வேண்டுமானால், கேட்கிறவர் அங்கே இல்லாதிருக்க வேண்டும்.

நடுத்தட்டுகளில் காற்று வருகிறது. ஆடி மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் குளத்தூர் தாண்டி சூரங்குடி, வேம்பார் என்று போனால் காற்று பக்கவாட்டில் அறையும். நேராகப் போவதற்கே வண்டியைக் காற்றின் பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். லாரி ஒன்று குறுக்கே வந்து காற்றை மறைத்த கணத்தில், சாய்ந்தவர் சாய்ந்தபடியே லாரியை நோக்கி இழுபடுவார். இது அட்சரம் பிசகாத உண்மை. ஆனாலும் "சாய்ச்சே ஓட்டினேன், நேராத்தான் போச்சு" என்று சொன்னால் சந்தையில் விலை போவதில்லை. அதே ஆள் வல்லநாட்டு மான் கதையைச் சொன்னால் இரண்டாவது டீக்கு ஆர்டர் விழுகிறது. வல்லநாட்டில் வெளிமான் சரணாலயம் இருப்பது மெய், வெளிமான் மணிக்கு 80 கிலோமீட்டர் ஓடும் என்பதும் மெய். அது வண்டியோடு போட்டிபோட்டு ஓடியது, பாலம் வரைக்கும் விரட்டி முந்தினேன் என்பதை நானூறு ஓட்டைத் தட்டில் வைத்திருக்கிறேன். மானுக்கு மீட்டர் இல்லாததால் சரிபார்க்க வழியில்லை.

மைலேஜ் கதைகள் அத்தனையும் தூள்.

ஆவணச் சான்று என்று ஒன்று உண்டென்றால் அது உப்பு. ஊரைச் சுற்றி உப்பளம். முள்ளக்காட்டுப் பக்கம் காலையில் போய்வந்தால் ஹெல்மெட் கண்ணாடியில் மங்கலாக ஒரு படலம்; விரலால் இழுத்தால் கோடு விழும். செயினில் ஆயில் விட்டு ஒரு வாரம் கவனிக்காவிட்டால், இணைப்புத் தகடுகளின் ஓரத்தில் செங்காவி பூத்துவிடும். அனுபவசாலிகள் இதை வைத்தே கதையைப் படிப்பார்கள். ஒருவர், நேற்று மணப்பாடு போய், அங்கிருந்து தேரிக்காட்டு வழியாகத் திரும்பினேன் என்கிறார். கேட்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை. செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிகிறார். பின் மட்கார்டின் உள்மடிப்பில் நகத்தை விட்டுச் சுரண்டுகிறார். தேரி மணல் மிளகாய்ப்பொடி நிறம். உப்புப் பிசுக்கோடு சேர்ந்து அங்கே அப்பிக்கொண்டால் தண்ணீர் அடித்தாலும் சீக்கிரம் போகாது. நகத்தில் சிவப்பு வந்தால் மணப்பாடு. வெறும் கறுப்பு வந்தால் அண்ணன் உள்ளூர் ரோச் பூங்காவோடு திரும்பிவிட்டார்.

தெரிந்துகொண்டதை வாய்விட்டுச் சொல்வது குற்றம். துணிக்கு அடியில் விரல் பிடித்த மரபு இங்கே பெஞ்சுக்கு அடியில் காலாகத் தொடர்கிறது. ஒரு மிதி என்றால் ஐம்பது ஓட்டை, இரண்டு மிதி என்றால் அறுநூறு. தூள் என்று தீர்ப்பானால் மூத்தவர் ஒருவர், "சரிலே, டீயக் குடி, ஆறுது" என்பார். சொன்னவருக்கும் புரியும். கோபம் வராது. நாளைக்கு அந்த மூத்தவர் சொல்லும்போது கிளாஸை நகர்த்தி வைக்கப்போவது இவர்தான்.

கூட்டமாகப் போகும் பயணங்களில் மட்டும் சல்லடை திணறுகிறது. ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு ராமநாதபுரம், தொண்டி, மணமேல்குடி, முத்துப்பேட்டை வழியாக ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிப்போகும் கூட்டத்தில், ஐந்து வண்டி போனால் ஐந்தும் முதலில் போய்ச் சேர்கின்றன. தேர்ந்த இறையியலாளர்களிடம் இந்தச் சிக்கலை ஒப்படைக்கிறேன்.

கதையே சொல்லாத ஓட்டுநர் என்று ஓர் இனம் உண்டா என்பதுதான் கடைசி வினா. விடியுமுன் திரேஸ்புரத்தில் மீன் எடுத்து, டிவிஎஸ் எக்ஸ்எல்லின் பின்னால் பெட்டி கட்டி, எட்டயபுரம், கோவில்பட்டி என்று தெருத்தெருவாய் விற்றுவிட்டு வருகிறவர்களில் ஒருவரை இதற்காகவே அணுகினேன். அவர் சாளை விலையைச் சொன்னார். ஐஸ் விலையைச் சொன்னார். ரோட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "ரோட்டுல என்ன இருக்கு தம்பி, போறோம் வாறோம்" என்றார். மீட்டர் வயர் அறுந்து பல வருஷமாம். எண்ணே இல்லாத ஓட்டுநர் கிடைத்துவிட்டார் என்று இருபது ஓட்டைத் தட்டை எடுத்தேன். அப்படியானால் வேகம் எப்படித் தெரியும் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தேன்.

"அதுக்கு மீட்டரு எதுக்கு? ஐஸை வச்சே சொல்லிருவேன். கோவில்பட்டியில போயித் தொறந்தா பாதி கரைஞ்சிருந்துச்சுன்னா நாப்பதுல வந்திருக்கேன். கரையாம இருந்தா அறுவது." கிளாஸைக் கீழே வைத்தார். "போன ஆடியில ஒருநா காத்து பின்னாடியிருந்து தள்ளுது பாத்துக்கோ. போயி எறங்கித் தொறந்து பாத்தா, நான் போட்டதவிட ஐஸ் கூட இருக்கு."