மூன்றில் ஒரு குதிரை

ஓடைப்பட்டி டீக்கடையில் திராட்சை விலைப் பேச்சு ஓய்ந்துபோய், இன்டெல்லா ஏஎம்டியா என்று இளவட்டங்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். இன்டெல் கோர் ஐ9-14900கே உச்சத்தில் 253 வாட் இழுக்கும். ஏஎம்டியின் ரைசன் 7 7800எக்ஸ்3டி 120 வாட் கணக்கில் நின்றுகொண்டே பல கேம்களில் அதை முந்திவிடும். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆக, கட்டைவிரல் நகமளவு இன்டெல் சில்லுக்குள் மூன்றில் ஒரு குதிரை கட்டிக்கிடக்கிறது.

"அஞ்சு ஹெச்பி மோட்டாரு தோட்டம் பூரா தண்ணி பாய்ச்சுது மாப்ள, உன் பொட்டி என்னத்தப் பாய்ச்சுது?" என்கிறார், பந்தலில் கவாத்து முடித்து வந்த மாமா.

தோட்டத்துக்குக் கரண்ட் இலவசம், கேமுக்கு இல்லை. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் சும்மா கிடைக்கிறதே என்றால், தினம் ஆறரை மணி நேரம் உச்சத்தில் ஓட்டினால் அந்தச் சில்லு ஒன்றே அதைத் தின்று தீர்க்கும். ஃபேனுக்கு மிச்சமில்லை.

போதாக்குறைக்கு, அந்த வரிசைச் சில்லுகள் அதிக வோல்டேஜால் கெடுகின்றன என்று 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. காயில் எரிந்த மோட்டாருக்கு நம்மூர் வைண்டிங் கடையில் இத்தனை தாராளம் கிடையாது.

இவ்வளவு சண்டை போடும் பையன்கள் மடியில் இருப்பது, பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு லேப்டாப்.